ஸ்க்ரூபால்: கிறுக்கு அல்ல, ஏறுக்குமாறு

1930களின் ஹாலிவுட்டில் 'ஸ்க்ரூபால் காமெடி' என்று ஒரு படவகை உண்டு. அதில் ஒன்றான பிரிங்கிங் அப் பேபி படத்தைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் இரண்டாவது வரியிலேயே அந்த வகைக்கு 'கிறுக்கு நகைச்சுவை' என்ற பெயர் வந்துவிடுகிறது. எழுதுபவருக்குத் தமிழ்ப்பற்று கொஞ்சம் கூடினால் 'திருகுபந்து நகைச்சுவை' ஆகிவிடும். இரண்டுமே தவறு. முதலாவது படத்தைத் தவறாகப் புரியவைக்கிறது, இரண்டாவது எதையுமே புரியவைப்பதில்லை.

சொல்லின் கதை சுருக்கமானது. ஸ்க்ரூபால் என்பது பேஸ்பாலில் ஒருவகைப் பந்து. வழக்கமாக வளையும் பந்து எந்தப் பக்கம் போகுமோ, அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குக் கூக்ளி என்றால் உடனே பிடிபடும். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் கார்ல் ஹப்பெல் இந்தப் பந்துக்குப் பேர்போனவர். 1934 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் பேப் ரூத், லூ கெரிக் உட்பட ஐந்து பெரிய மட்டையாளர்களை வரிசையாக வெளியேற்றினார். 1930களில் இதே சொல் அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஒரு மாதிரியான ஆளையும் குறித்தது. 1936இல் மை மேன் காட்ஃப்ரி படம் வந்தபோது கரோல் லொம்பார்டின் பாத்திரத்துக்கு அது ஒட்டிக்கொண்டது, அப்புறம் படவகைக்கே பெயராகிவிட்டது.

கிறுக்கு எங்கிருந்து வந்தது என்பது இதிலேயே தெரிகிறது. ஸ்க்ரூ கழன்ற ஆள் என்று ஆங்கிலத்தில் சொல்வதை நாமும் 'மறை கழண்டவன்' என்கிறோம். அகராதியைத் திறந்தவர் அந்த ஒரு பொருளைப் பார்த்ததும் மூடிவிட்டார். ஆளுக்குச் சொல்லும்போது அது சரிதான். படவகைக்குச் சொல்லும்போதுதான் சிக்கல். கொலம்பியா நிறுவனம் இந்த வகைப் படமான இட் ஹேப்பண்ட் ஒன் நைட்டை வெளியிட்டது 1934இல். தி த்ரீ ஸ்டூஜஸ் மூவரும் மண்டையில் அடித்துக்கொள்ளும் குறும்படங்களை அதே கொலம்பியா தொடங்கியதும் அதே ஆண்டில்தான். எது கிறுக்கு? சந்தேகமில்லாமல் இரண்டாவது. அப்படியானால் முதலாவதற்கு என்ன பெயர் வைப்பது? இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டும் பெயர் படவகைக்கு உதவாது.

அதைவிடப் பெரிய தீங்கு, கதாநாயகியைப் பைத்தியமாக்கிவிடுவது. பிரிங்கிங் அப் பேபியில் கேதரின் ஹெப்பர்ன் ஏற்ற சூசனை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் பந்தில் கோல்ஃப் ஆடுகிறாள், அடுத்தவர் காரை ஓட்டிக்கொண்டு போகிறாள், சிறுத்தையோடு ஊர் சுற்றுகிறாள். ஆனால் அவள் என்ன செய்கிறாள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கேரி கிராண்ட் ஏற்ற தொல்லுயிரியல் அறிஞன் கிளம்பிப் போய்விடக் கூடாதென்று அவன் குளிக்கும் நேரத்தில் துணிகளைச் சலவைக்கு அனுப்பிவிடுகிறாள். பெண்பிள்ளை அங்கியில் நின்று கத்துவது படித்த ஆண், காரியத்தில் கண்ணாக இருப்பது அவள். துரத்துவது பெண், ஓடுவது ஆண். இந்தத் தலைகீழ்தான் படம். இதைக் கிறுக்கு என்றால், அவளுடைய புத்திசாலித்தனத்தை அப்படியே துடைத்துப் போட்டாயிற்று.

திருகுபந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்க்ரூ திருகு, பால் பந்து. உறுப்பு உறுப்பாகப் பெயர்த்தால் தூய தமிழ் ஆகிவிடும் என்ற நம்பிக்கையில் பிறந்த சொல் அது. தமிழ் எழுத்தில் இருப்பதாலேயே ஒன்று தமிழாகிவிடாது. அதற்கு ஸ்க்ரூபால் என்றே எழுதிவிட்டுப் போகலாம்.

என் சொல் 'ஏறுக்குமாறு நகைச்சுவை'. யாரும் புதிதாக உருவாக்க வேண்டாம், வீட்டில் புழங்கும் சொல். 'ஏறுக்குமாறாப் பேசாதே' என்று அதட்டு வாங்காத பிள்ளை உண்டா? எதிர்பார்த்த திசைக்கு எதிராகத் திரும்புவது என்ற பந்தின் பொருள் இதில் அப்படியே இருக்கிறது. படங்களுக்கும் பொருந்துகிறது. மை மேன் காட்ஃப்ரியில் குப்பைமேட்டில் இருந்தவன் மாளிகைக்கு ஒழுங்கு கற்பிக்கிறான். தி ஆஃபுல் ட்ரூத்தில் விவாகரத்து கேட்டவர்களே ஒருவர் மறுமணத்தை ஒருவர் கெடுக்கிறார்கள். இடக்குப் பேச்சு என்ற சாயல் இந்தச் சொல்லில் இருக்கிறதே என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். இருக்கட்டும். ஒருவர் முடிக்கும் முன் அடுத்தவர் மடக்கும் அந்த வேகப் பேச்சு இல்லாமல் இந்தப் படங்கள் ஏது?

இந்த வகை ரசிகர்களின் பேச்சில் பாதி, யார் எந்த நிறுவனத்திலிருந்து எந்த நிறுவனத்துக்கு வந்தார் என்பதுதான். அங்கேயும் மொழிபெயர்ப்பு நம்மைக் கைவிடுகிறது. கிளார்க் கேபிள் எம்ஜிஎம் ஆள், கிளாடெட் கோல்பர்ட் பாரமவுன்ட் ஆள், இருவரையும் இட் ஹேப்பண்ட் ஒன் நைட்டுக்காகக் கொலம்பியா வாங்கி நடிக்கவைத்தது. இதை 'கடனாகக் கொடுக்கப்பட்டார்' என்று எழுதுகிறார்கள். கடன் பணத்துக்கு. வாங்கியதை அப்படியே திருப்பித் தருவதற்கு இரவல் என்ற அருமையான சொல் இருக்கிறதே! கேபிள் இரவல் நடிகர். மை மேன் காட்ஃப்ரிக்காக யுனிவர்சல் எம்ஜிஎம்மிடமிருந்து வில்லியம் பவலையும், பாரமவுன்ட்டிடமிருந்து லொம்பார்டையும் இரவல் வாங்கியது. கேரி கிராண்ட் அப்படியல்ல, கொலம்பியாவோடும் ஆர்கேஓவோடும் ஒரே சமயத்தில் ஒப்பந்தம் வைத்திருந்தார். தி ஆஃபுல் ட்ரூத் கொலம்பியாவில், பிரிங்கிங் அப் பேபி ஆர்கேஓவில் என்று அவர் மாறிமாறி வந்தது அதனால்தான். இரண்டு படத்திலும் வரும் நாய்கூட ஒன்றுதான், ஸ்கிப்பி. அதற்கு முன்பே எம்ஜிஎம்மின் தி தின் மேனில் ஆஸ்டாவாக வந்து பேர் வாங்கிய நாய்.

அப்புறம், ஸ்டுடியோ என்பதைப் பெயர்த்து எழுதும் இந்த 'கொலம்பியா படப்பிடிப்புத் தளம்'. தளம் என்பது செட் போடும் இடம். நடிகரை ஒப்பந்தத்தில் வைத்துச் சம்பளம் கொடுத்துப் படமெடுத்து விற்கும் அமைப்பை நம் பெரியவர்கள் படக்கம்பெனி என்றார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸையும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தச் சொல்லை ஏன் கைவிட்டோம்?

தலைப்புகளைப் பெயர்ப்பது இன்னும் மோசம். பிரிங்கிங் அப் பேபி 'குழந்தை வளர்ப்பு' ஆகிவிடுகிறது. அந்த பேபி சிறுத்தையின் பெயர். ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே 'அவனுடைய வெள்ளிக்கிழமைப் பெண்'ணாம். அந்த ஃப்ரைடே கிழமையே இல்லை, ராபின்சன் குரூசோ நாவலில் குரூசோவின் பணியாள் பெயர். எல்லா வேலைக்கும் கைகொடுக்கும் உதவியாள் என்ற பொருளில் அங்கே வழங்குவது. தலைப்பை ஒலிபெயர்த்து எழுதிவிட்டு, 'அவனுக்கு வலக்கையாக இருந்தவள்' என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.