ஆர்பிஜி: ரோல்னா சுருள், நம்ம பக்கம் அதுக்குப் பேரு வேஷம்

ஆர்பிஜின்னு சொன்னா ரெண்டு பேரு ரெண்டு விதமா புரிஞ்சிக்கிறாங்க. சுடுற கேமா ஆடிக்கினு இருக்கிற பசங்களுக்கு அது தோள்ல வச்சி அடிக்கிற ராக்கெட் லாஞ்சர். அந்த ஆர்பிஜி ரஷ்ய மொழிலேர்ந்து வந்த சுருக்கம், ஒரு ஆளு கையில தூக்கிக்கினு போயி டாங்கிய அடிக்கிற கருவின்னு அர்த்தம், அத இங்கயே விட்டுடலாம். நாம பாக்கப்போறது ரோல் பிளேயிங் கேம், அதாவது நாம வேற ஒரு ஆளா மாறி ஆடற கேம். ஸ்கைரிம், விட்சர், ஃபைனல் ஃபேன்டசி, போக்கிமான், எல்டன் ரிங்னு காட்பாடிலயும் சத்துவாச்சாரிலயும் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற காலேஜ் பசங்க விடியவிடிய ஒக்காந்து ஆடறதுல பாதி இந்த வகதான். ஆனா இதத் தமிழ்ல எப்படி சொல்றதுன்னு கேட்டா எல்லாரும் முழிக்கிறாங்க, அதுக்காகத்தான் இத எழுதறேன்.

மொதல்ல ‘ரோல்’. லத்தீன்ல ரோட்டான்னா சக்கரம், ரோட்டுலுஸ்னா சின்ன சக்கரம், அதுவே சுருட்டி வச்ச தாளுக்கும் பேராச்சி. பிரெஞ்சுல அது நாடகக்காரன் கையில குடுக்கிற சுருளக் குறிச்சது. அந்தக் காலத்துல எல்லாத்தயும் கையாலதான எழுதணும், அதனால முழு நாடகத்தயும் ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துக் குடுக்க முடியாது, ஒருத்தன் பேசவேண்டிய வசனத்த மட்டும் எழுதி, அதுக்கு முன்னாடி எதிராளி பேசி முடிக்கிற சில வார்த்தைய அடையாளத்துக்குப் போட்டு, சுருட்டிக் குடுத்துடுவாங்க. சுருள்ல இருந்தது அவன் பங்கு, போகப்போக சுருளுக்குப் பேரா இருந்த சொல்லே பங்குன்னு ஆயிடுச்சி. இங்கிலீஷுக்கு அது 1600 வாக்குல வந்து சேந்தது.

‘பிளே’ங்கிறது நமக்கு சுலபம். இங்கிலீஷ்ல அது நாடகத்துக்கும் வரும், வெளயாட்டுக்கும் வரும், நம்ம ‘ஆட்டம்’ அப்படியேதான், கூத்தும் ஆட்டம், சூதும் ஆட்டம், கபடியும் ஆட்டம். இந்த எடத்துல தமிழ் எதையும் கடன் வாங்கவே வேணாம்.

ரெண்டயும் சேத்து ரோல் பிளேயிங்னு சொல்ற பழக்கம் கேமுக்கு முன்னாடியே மனநல வைத்தியத்துல இருந்தது. மொரேனோன்னு ஒரு டாக்டர், வியன்னாவிலயும் அப்பறம் அமெரிக்காவிலயும் இருந்தவரு, நோயாளிய இன்னொருத்தரா நின்னு பேசவச்சி அவங்க மனச வெளிய கொண்டாந்தாரு. கேம் பக்கம் வந்தது வேற வழி. அமெரிக்காவுல பொம்ம சிப்பாய்ங்கள மேசமேல நிறுத்தி போர் ஆட்டம் ஆடற கூட்டம் ஒண்ணு இருந்தது, அதுல ஆளுக்கு ஒரு படை. 1969ல டேவிட் வெஸ்லிங்கிறவரு படைய மட்டும் குடுக்காம, சண்ட நடக்கிற ஊர்ல இருக்கிற ஆளுங்கள ஒவ்வொருத்தருக்கா பிரிச்சிக் குடுத்து, இவன் நீ, அவன் நீ, ஒனக்கு வேண்டியத நீ பாத்துக்கன்னு விட்டுட்டாரு. அதுல ஆடின டேவ் ஆர்னெசன் 1971ல அதயே மாயாஜால ஒலகத்துக்கு எடுத்துக்கினு போனாரு, அவரும் கேரி கைகாக்ஸும் சேந்து 1974ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ வெளியிட்டாங்க. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் புடிச்ச விசயம் என்னன்னா, அந்த மொதப் பொட்டி அட்டையில ரோல் பிளேயிங்கிற வார்த்தயே கெடையாது, தாளும் பென்சிலும் பொம்மையும் வச்சி ஆடற போர் ஆட்ட விதிங்கன்னுதான் போட்டிருந்தாங்க. ஆடினவங்களுக்குத்தான் இது போர் இல்ல, நாம வேற ஒரு ஆளா மாறி நடக்கிறோம்னு தெரிஞ்சது, பேரு பின்னாடி ஒட்டிக்கிச்சி.

கம்ப்யூட்டருக்கு வந்தத வேகமா சொல்லிடறேன். 1981ல அல்டிமாவும் விசார்ட்ரியும் வந்தது, அது ரெண்டயும் பாத்து ஜப்பான்ல 1986ல டிராகன் குவெஸ்ட் வந்தது, அடுத்த வருசம் ஃபைனல் ஃபேன்டசி, 1996ல போக்கிமான். நடுவுல 1985ல வந்த அல்டிமா நாலாவது பாகத்த மட்டும் தாண்டிப் போவ மனசு வரல. அதுல கடைசியா அடிச்சிக் கொல்ல வில்லனே கெடையாது, எட்டு நல்ல கொணத்துல தேறி ‘அவதார்’ ஆவறதுதான் ஆட்டம். இன்னிக்கு ஒலகமே ஸ்கிரீன்ல தெரியிற தன் உருவத்த அவதார்னு சொல்லுது, அது நம்ம பெருமாள் கோயில் அவதாரந்தான், மேலேர்ந்து எறங்கி வர்றதுன்னு அர்த்தம், ஆடறவன் இந்த ஒலகத்துலேர்ந்து அந்த ஒலகத்துக்கு எறங்கறான்னு வச்சா சரியாவே பொருந்துது.

சரி, எதெல்லாம் ஆர்பிஜி? லெவல் ஏறணும், அனுபவப் புள்ளி சேக்கணும், கத்தி கவசம் மாத்தணும்னு ஒரு கணக்கு சொல்வாங்க. அது பாதிதான் சரி, ஏன்னா இன்னிக்கு கார் ரேஸ்லயும் லெவல் இருக்கு. கேம்ல இருக்கிற ஆளு என்ன செய்யணும்னு முடிவு பண்றது நீ, அதோட பலனத் தூக்கி சொமக்கிறதும் நீ, அது இருந்தாதான் ஆர்பிஜின்னு நான் சொல்வேன். நாடகச் சுருள்ல வசனம் பூரா எழுதியிருக்கும், இந்தச் சுருள்ல பாதி எடம் வெறும் தாளு.

2015ல வந்த விட்சர் மூணாவது பாகத்துல வர்ற பிளடி பாரன் கதைய எடுத்துக்குங்க. ஆடினவங்க கிட்ட எது மறக்கவே முடியலன்னு கேட்டா முக்காவாசி பேரு இதத்தான் சொல்வாங்க. நீ கெரால்ட், பேய் பிசாசு வேட்டக்காரன். ஒரு கோட்டையில குடிகாரத் தலைவன் ஒருத்தன், பொண்டாட்டியும் பொண்ணும் காணாமப் போயிட்டாங்க, தேடிக் குடுன்றான். நீ பாவம்னு நெனச்சிக்கினு தேடறே, தேடத்தேடத் தெரியுது அவன் பொண்டாட்டிய அடிச்சவன், அதுல வயித்துல இருந்த கொழந்த போயிடுச்சி, அந்தக் கொழந்தய பேரு வெக்காம பொதச்சதால அது பிசாசா எழுந்து நிக்குது. இங்கதான் கேம் ஒன்ன நிறுத்திக் கேக்குது. கத்தியால அத முடிச்சிடலாம். இல்லன்னா அந்த அப்பனயே அந்த உருவத்தக் கையில ஏந்தி நடக்கவச்சி, வீட்டு வாசப்படியண்ட கொண்டாந்து, பேரு வச்சி, மன்னிப்புக் கேட்டு பொதைக்கவெக்கலாம். அவன் ஏந்திக்கினு நடக்கறப்ப வழியில அது கையில முறுக்கிக்கினு கத்துது, நீ மந்திரம் போட்டு அடக்கணும், வேற பிசாசுங்களும் வரும், அதயும் நீதான் தடுக்கணும். அடிச்ச கையே இப்ப ஏந்துது. அவன மன்னிக்கலாமா வேணாமான்னு கேம் எங்கயும் சொல்லல, ஒங்கிட்டதான் விடுது. கடைசியில அவன் தூக்குல தொங்கறானா, புத்தி கலங்கின பொண்டாட்டிய கூட்டிக்கினு வைத்தியம் தேடிப் போறானாங்கிறது, நீ வேற ஒரு எடத்துல, வேற ஒரு விசயத்துக்காக எடுத்த முடிவப் பொறுத்து வருது. இதுல எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருத்தர் சாவாங்க.

இத ஆடிட்டு வர்றவன் பேசறதக் கவனிங்க. கெரால்ட் இப்படிப் பண்ணான்னு சொல்லமாட்டான், “நான் விட்டுட்டேன்டா, எனக்குத் தெரியாம போச்சி”ம்பான். சினிமா பாத்துட்டு வந்தவன் யாரும் அப்படிப் பேச மாட்டான். ஆர்பிஜிய ஜனங்க விரும்பறதுக்கு எனக்குத் தெரிஞ்சி இதுதான் அடி ஆழக் காரணம்.

மத்ததும் அவங்கவங்க வழியில இதத்தான் செய்யிது. 2011ல வந்த ஸ்கைரிம்ல பெரிய கதைய ஓரமா வச்சிட்டு மல ஏறி, மூலிக பறிச்சி, சும்மா சுத்தலாம், அந்த சொதந்தரத்துக்காகவே இன்னிக்கும் ஆடறாங்க. 2015 அண்டர்டேல்ல எதுத்தாப்புல வர்ற ஒருத்தரயும் கொல்லாம பேசியே முடிக்கலாம், கொன்னா கேம் அத மறக்காது. 1997 ஃபைனல் ஃபேன்டசி ஏழுல ஏரித் செத்தப்ப அழுதவங்க இன்னும் அதப் பேசறாங்க, அத்தன நேரம் கூடவே கூட்டிக்கினு சுத்தி, லெவல் ஏத்தி வளத்த பொண்ணு அது. 2019 டிஸ்கோ எலிசியம்ல மண்டைக்குள்ள இருக்கிற 24 தெறமைங்க ஆளாளுக்கு கொரல் குடுத்து ஒன்கிட்ட சண்ட போடும். 2023ல பால்டர்ஸ் கேட் மூணுல நீ ஒருத்தன சமாதானம் பண்ணப் பாத்தா ஸ்கிரீன் நடுவுல இருபது பக்கப் பகட உருளும், ஒண்ணு விழுந்தா போச்சி. பகடையால ராஜ்ஜியம் போன கதையக் கேட்டு வளந்த ஊருக்கு அந்தப் பகட புதுசு இல்ல.

இப்ப தமிழுக்கு வருவோம். பாத்திரமேற்று நடிக்கும் விளையாட்டு, பங்கேற்று ஆடும் விளையாட்டுன்னு ரெண்டு மூணு பேரு சொல்றாங்க. ரெண்டுமே எனக்கு ஒத்துக்கல. பாத்திரம்னா ஏற்கனவே ஒருத்தர் எழுதி முடிச்சது, நடிக்கறதுன்னா எழுதினதப் பேசறது. பங்கேற்கறதுன்னா பட்டிமன்றத்துலயும் பங்கேற்கலாம், அதுல வேற ஆளா மாறறதே இல்ல.

நம்ம வடார்க்காடு பக்கத்துல இதுக்குன்னு ஒரு வார்த்த ஊர் ஊரா பொழங்குது. வேஷம். செய்யாறு, ஆரணி, ஆற்காடு, குடியாத்தம் எங்க வேணா திரௌபதியம்மன் கோயில் பாரதம் நடக்கறப்ப போயி நில்லுங்க. மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. ஜமாக்காரரு, அதாவது கூத்துக் குழு ஆளு, எண்ண வெளக்கு இல்ல பல்பு வெளிச்சத்துல கண்ணாடியக் கையில புடிச்சிக்கினு தானே தன் மொகத்த எழுதுவாரு, அப்பறம் கிரீடம், புஜக்கட்ட, மாரு பதக்கம்னு ஒண்ணொண்ணா கயிறு போட்டு இறுக்குவாங்க. அதுக்குப் பேரு வேஷம் கட்டறது. “இன்னிக்கு துரியோதனன் யாரு கட்டறாங்க?”ன்னுதான் கேப்பாங்க, யாரு நடிக்கறாங்கன்னு யாரும் கேக்கறதில்ல. அர்ச்சுனன் தபசு அன்னிக்கு வேஷக்காரரு அதுக்குன்னு நட்ட ஒசர மரத்துல ஏறி பாட்டு பாடிக்கினே மேலேர்ந்து விபூதியும் எலுமிச்சம்பழமும் போட, கொழந்த வரம் வேண்டி வந்த பொம்பளைங்க கீழ மடியேந்தி நிப்பாங்க. ஏறினது அர்ச்சுனன், அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. புரிசை கண்ணப்பத் தம்பிரான் மாதிரி பெரியவங்க பேர இன்னிக்கும் சொல்றாங்கன்னா அந்த மாதிரி வேஷத்துக்காகத்தான்.

ஒடனே ஒருத்தர் கேப்பாரு, வேஷம்னா பொய்யின்னு அர்த்தம் இல்லியா, “வேஷம் போடாத”ன்னு திட்டறோமேன்னு. அங்க வினையப் பாக்கணும். போடற வேஷந்தான் திட்டு. கட்டற வேஷத்துக்கு ஊரே கற்பூரம் ஏத்தும். நேரம் எடுத்து, ஒடம்புல இறுக்கி, விடியிற வரைக்கும் சொமக்கறதுக்குத்தான் கட்டறதுன்னு பேரு, ஆர்பிஜி ஆரம்பத்துல ஒக்காந்து மூஞ்சி, முடி, தழும்பு, கொலம், தொழில்னு தன் ஆளச் செதுக்கறதும் கட்டறதுதான்.

இன்னொருத்தர் வேஷம் சமஸ்கிருதம்பாரு. ஆமா, உடுப்புன்னு அர்த்தம் வர்ற அந்தச் சொல்லுலேர்ந்து வந்தது, வேடம்னு தமிழ் எழுத்துக்கு மாறி பல நூறு வருசமாச்சி. தனித்தமிழ்தான் வேணும்னா கோலம் இருக்கு, கோலம் பூண்டு ஆடறது இருக்கு, ஆனா அதச் சொன்னா மொதல்ல வாசல்ல போடற கோலந்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், அதனால நான் வேடத்துக்கே ஓட்டு போடறேன்.

பழசு வேணும்னா சிலப்பதிகாரத்துல ஆய்ச்சியர் குரவையப் படிங்க. மதுரைக்கு வெளிய ஆயர் சேரியில கெட்ட சகுனமா தெரிய, மாதரிங்கிற ஆயர் குலத்து மூத்த பொம்பள ஏழு பொண்ணுங்கள நிறுத்தி, ஏழு சுரத்தோட பேர அவங்களுக்கு வெக்கறா. குரல்னு பேரு வாங்கினவ மாயவன், இளி அவன் அண்ணன் பலராமன், துத்தம் நப்பின்னை. பேரு வாங்கின ஒடனே அந்தப் பொண்ணுங்க அவங்களாவே ஆயிடறாங்க, வட்டமா கை கோத்து ஆட ஆரம்பிக்கறாங்க. பேரு குடுத்து, எடம் குடுத்து ஆட்டத்த நடத்தறாளே அந்த மாதரி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல மேச தலமாட்டுல ஒக்காந்து ஆட்டத்த நடத்தற ஆளோட வேலயும் அதுதான்.

அதனால எழுத்துல வேடங்கட்டு விளையாட்டு, பேச்சுல வேஷ கேம். லெவலுக்கு படின்னு வெச்சிக்கலாம், “பத்தாம் படி ஏறிட்டேன்”னா கேக்கவும் நல்லாயிருக்கு. எக்ஸ்பிக்கு அனுபவப் புள்ளி ஏற்கனவே பொழக்கத்துல வந்துடுச்சி. என்பிசின்னு சொல்றது, ஆடற ஆளு யாரும் கட்டாத வேஷம், கம்ப்யூட்டரே நடத்தறது, அத கட்டாவேடம்னு எழுதிப் பாருங்க. சர்வர்ல பல பேரு சேந்து ஒருத்தன் போலீசு, ஒருத்தன் டாக்சி டிரைவருன்னு நாள் பூரா அந்த ஆளாவே பேசிக்கினு இருக்கிறாங்களே, ஆர்பி பண்றதுன்னு சொல்றாங்க, அதுக்கு வேஷங்கட்டி ஆடறதுன்றதத் தவிர வேற வார்த்தயே தேட வேணாம். “நீ எந்த வேஷம் கட்டற?”ன்னு கேட்டா “மந்திரவாதி, நாலாம் படி”ன்னு பதில் வரும், ரெண்டு பேருக்கும் புரியும்.