டிரிப்பனோசோமா: தச்சர் பையில் கிடந்த பெயர்

அறுப்பு முடிந்த கழனியில் எலி வளை வெட்டுவதை வேலூர்ப் பக்கம் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். வரப்போரம் கடப்பாரையைப் போட்டால் முதலில் ஈர மண், அப்புறம் மண்ணால் வாய் அடைத்த ஒரு வழி, கடைசியில் ஓர் அறை நிறைய நெற்கதிர். அப்படிப் பிடித்த வரப்பெலி ஒன்றின் ஒரு சொட்டு ரத்தத்தைக் கல்லூரி நாட்களில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கூட்டத்தில் யாரோ இடித்துக்கொண்டு போவதுபோல, சிவப்பணுக்கள் அங்கங்கே திடீரென்று ஒதுங்கின. நடுவே நூல் துணுக்கு மாதிரி ஒன்று, முறுக்கி முறுக்கி நீந்திக்கொண்டிருந்தது. டிரிப்பனோசோமா லூயிசி என்றார் ஆசிரியர். தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "எலி ரத்த ஒட்டுண்ணின்னு எழுதிக்கோ." சரி, முகவரி கிடைத்தது. பெயர் எங்கே?

கிரேக்கத்தில் 'ட்ரூபனோன்' என்றால் துளை போடும் கருவி, 'சோமா' என்றால் உடல். 1843-இல் தவளையின் ரத்தத்தில் இந்த வகை உயிரியைக் கண்ட டேவிட் குரூபி, அதன் முறுக்கைப் பார்த்து வைத்த பெயர் இது. எலிக்குள் இருப்பதை 1878-இல் நம் நாட்டிலேயே, கல்கத்தாவில், ராணுவ மருத்துவர் டிமோதி லூயிஸ் விவரித்தார். பெயரின் வாலில் ஒட்டிக்கொண்ட 'லூயிசி' அவர்தான். நீளம் சுமார் 30 மைக்ரான். முப்பது, முப்பத்தைந்தை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் வரும். எலித் தெள்ளு ரத்தம் குடிக்கும்போது இது தெள்ளின் குடலுக்குள் போய் வளர்ந்து, அதன் கழிவில் வெளியேறுகிறது. எலி தன் மயிரை நக்கும்போதோ தெள்ளையே கடித்து விழுங்கும்போதோ மறுபடி உள்ளே போகிறது. பெரும்பாலும் எலிக்கு இதனால் பெரிய கெடுதல் கிடையாது. மனிதருக்கு வருவது மிக அரிது.

பெயருக்கு வருவோம். குடியாத்தத்தில் ஒரு வயதான தச்சரின் பையில், பலகையில் துளை போடும் பழைய கருவி ஒன்றைப் பார்த்தேன். இரும்பு அலகு, மரத்தண்டு, தண்டில் ஒரு சுற்றுச் சுற்றிய கயிறு, கயிற்றின் இரண்டு முனையையும் கட்டிய வில். வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் அலகு சுழலும். "இதுவா? தொரப்பணம்" என்றார். எழுத்தில் துரப்பணம். எண்ணெய்க் கிணறு தோண்டும் செய்திகளில் இன்றும் வரும் சொல்தான். ட்ரூபனோனுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்?

துரப்புயிரி என்று சுருக்கலாமே எனத் தோன்றும், சொல்லவும் நன்றாக இருக்கிறது. ஆனால் எதையோ துளைக்கிற உயிரி என்றல்லவா அர்த்தம் வரும்! இது எலியின் உடம்பில் ஓட்டை போடுவதில்லை, அலகு மாதிரி முறுக்கிக்கொண்டு நீந்துகிறது, அவ்வளவுதான். அதனால் என் ஓட்டு துரப்பணவுடலிக்கு.

ஒட்டுண்ணி என்ற சொல்லில் எனக்குக் குறையில்லை. மாட்டின் காதில் தொங்கும் உண்ணியே அதற்குள் இருக்கிறது. கிரேக்க 'பாரசிடோஸ்' பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன்; அதில் வரும் 'சிடோஸ்' தானியம். அந்தக் கணக்கில் பார்த்தால் கழனியின் முதல் பாரசிடோஸ் எலிதான். டிரிப்பனோசோமா சேர்ந்த புரோட்டோசோவா வகையை ஓரணு உயிரி என்பதுதான் இடறுகிறது. இயற்பியலுக்குக் கொடுத்துவிட்ட அணுவை இங்கேயும் இழுப்பானேன்? ஒருசெல் உயிரி போதும்.

பெயரில் மோசமாக அடிபட்டது டாக்சோபிளாஸ்மா என்ற இன்னொரு ஒருசெல் ஒட்டுண்ணி. 'டாக்ஸ்' என்றதும் நச்சு என்று மொழிபெயர்க்கக் கை போய்விடுகிறது. 1908-இல் வட ஆப்பிரிக்காவின் துனிசில் நிக்கோல், மான்சோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை எலி மாதிரியான ஒரு கொறிணியில் கண்டார்கள். (அந்தப் பிராணியின் பெயரைத் தமிழில் எழுதினால் வகுப்பே சிரிக்கும், விட்டுவிடுகிறேன்.) 'டாக்சோன்' என்றால் வில். வளைந்த உடம்பு, அதனால் வில்லுரு. அம்பில் தடவும் விஷத்துக்கு வில்லிலிருந்து பெயர் வந்து, பிறகுதான் அது பொதுவாக நஞ்சைக் குறிக்கும் சொல்லானது. இந்த வில்லுருவி பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டுமே பாலினப் பெருக்கம் செய்யும். பூனையின் மலத்திலிருந்து எலிக்கு, எலியிலிருந்து மறுபடி பூனைக்கு. கர்ப்பிணிகளுக்கு முதன்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம் என்பதால் டாக்டர்கள் இதற்குத் தனிக் கவனம் கொடுக்கிறார்கள்.

ஆக ஒன்றுக்குத் துரப்பணம், இன்னொன்றுக்கு வில். இரண்டும் அந்த ஒரே கருவியில் இருந்தன. போன மாதம் போனபோது தச்சரின் மகன் டிரில் மிஷினில் கதவுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார். துரப்பணம் பரண்மேல் இருக்கிறதாம். கயிற்றை எலி கடித்துவிட்டதாம்.