தோல்வாழ் பற்றீரியா: தோள் மூட்டில் வளர்ந்த கிருமிக்கு ஒரு பெயர்

தோளில் சத்திரசிகிச்சை முடிந்து கண்டியிலிருந்தோ பேராதனையிலிருந்தோ தோட்டத்துக்குத் திரும்புகிறவர்களின் டயக்னோசிஸ் கார்டில் சிலவேளை ஒரு வரி இருக்கும்: மூட்டு இழையத்தில் கியூட்டிபற்றீரியம் அக்னீஸ் வளர்ந்திருக்கிறது என்று, ஆங்கிலத்தில். வார்ட்டில் அதைச் சிங்களத்தில் ‘விஷபீஜ’ என்று சொல்லியிருப்பார்கள். லயத்துக்கு வந்து சேர்வதற்குள் அது “தோளுக்குள்ள கிருமி இருக்காம்” என்று ஆகிவிடும். பக்கத்துக் காம்பராவில் இருப்பவர் உடனே கேட்பார்: “புள்ளைகளுக்கு ஒட்டுமா?”

ஒட்டாது. ஏன் ஒட்டாது என்பதற்கு அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கியூட்டிஸ் என்றால் லத்தீனில் தோல். பற்றீரியம் என்பது கிரேக்கத்தில் சிறு கோல், ஊன்றுதடி. நுணுக்குக்காட்டியில் குச்சி குச்சியாகத் தெரிந்தவற்றுக்கு ஜெர்மானியரான ஏரென்பெர்க் 1828இல் அந்தப் பெயரை வைத்தார். ஆக, முதற்பாதியின் பொருள் ‘தோலில் உள்ள கோல்’. அக்னீஸ் என்பது முகப்பருவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் ஒரு கதை சொல்வார்கள். கிரேக்கத்தில் ‘அக்மே’ என்றால் முனை, உச்சி. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏத்தியஸ் என்ற மருத்துவரின் நூலைப் படியெடுத்தவர் ‘ம’கரத்தை ‘ன’கரமாக்கிவிட, ‘அக்னே’ நிலைத்துவிட்டதாம். ஏடு பெயர்த்தெழுதியவர்களால் பாட்டையே மாற்றிப் படித்துக்கொண்டிருந்த நமக்கு இது ஒன்றும் அதிசயமில்லை.

பெயர் பல தடவை மாறியிருக்கிறது. 1896இல் தோல் மருத்துவரான உன்னா இதைப் பருக்களுக்குள் கண்டார். 1900இல் இன்னொரு தோல் மருத்துவரான கில்கிறைஸ்ட் பசிலஸ் அக்னீஸ் என்றார். பிறகு கொரினிபற்றீரியம் ஆனது. 1946இலிருந்து புரோப்பியோனிபற்றீரியம், இது புரோப்பியோனிக் அமிலத்தை உண்டாக்குவதால் வந்த பெயர். 2016இல்தான் கியூட்டிபற்றீரியம் என்று மாற்றினார்கள். பழக்கதோஷத்தில் இன்றும் ‘பீ. அக்னீஸ்’ என்று எழுதும் வைத்தியர்கள் ஏராளம். பழைய றிப்போட்டில் ‘பீ’ என்றும் புதியதில் ‘சீ’ என்றும் இருந்தால் இரண்டு கிருமி என்று பயப்பட வேண்டாம். இரண்டும் ஒன்றே.

இனி நம் சொற்களுக்கு வருவோம். கிருமி வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் புழு. கழுத்தில் புழு வைத்ததாக வைணவ மரபு சொல்லும் சோழனுக்குக் ‘கிருமிகண்டன்’ என்ற பெயர் வந்ததும் அப்படித்தான். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் கிறீன் ஊர் திரும்பியது 1873இல். ஆந்திராக்ஸ் நோய்க்கு இன்ன பற்றீரியாதான் காரணம் என்று ஜெர்மனியில் கொக் காட்டியது 1876இல். கிறீன் காலத்துக்குப் பின்னால் வந்த அறிவுக்கெல்லாம் நாம் புழுவின் பெயரையே நீட்டிக்கொண்டோம். அதனால் கிருமி என்றதும் வெளியிலிருந்து வந்து உள்ளே அரிக்கும் ஒன்றாகத்தான் மனதில் படுகிறது. இந்தப் பற்றீரியாவோ அநேகமாக வளர்ந்தவர் எல்லோருடைய தோலிலும் இருக்கிறது. நெய்ச்சுரப்பிகள் நிறைந்த முகம், தோள், மேல்முதுகு ஆகியவை இதன் இருப்பிடம். மயிர்க்காலின் அடியில், காற்று குறைந்த இடத்தில், சுரக்கும் நெய்யைத் தின்று வாழ்கிறது. ஆண்களின் தோளில் இது கூடுதல். பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்று கேட்டவர் தோளிலும் இது இருக்கத்தான் செய்யும்.

எனவே கிருமி என்ற சொல் இங்கே சரிவராது. நம் பாடப்புத்தகங்கள் தரும் நுண்ணங்கி என்ற சொல் நல்லது, ஆனால் பங்கசும் வைரசும் அதற்குள் அடங்கிவிடும். கோலுயிரி, குச்சுயிரி என்று ஆக்கலாம். காதுக்கு இனிமைதான், ஆனால் கிளினிக்கில் யாருக்கும் விளங்காது. பற்றீரியா என்பதை அப்படியே வைத்துக்கொள்வதுதான் என் கட்சி. ஓ.எல். பரீட்சைக்கு விஞ்ஞானம் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் போதும், அந்தச் சொல் புரியும். கியூட்டிஸ் என்பதற்கு மட்டும் தமிழ் போதும்: தோல்வாழ் பற்றீரியா.

முகப்பருப் பற்றீரியா என்று சிலர் எழுதுகிறார்கள். பெயரை அப்படியே பெயர்த்தால் அதுதான் வரும், தப்பில்லை. பருத்து எழுவதால் பரு, நல்ல சொல்தான். ஆனால் முகத்தில் ஒரு பருவும் இல்லாத அறுபது வயதுக்காரரிடம் போய் ‘உங்கள் தோளில் முகப்பருப் பற்றீரியா’ என்றால், றிப்போட் மாறிவிட்டது என்றுதான் நினைப்பார். தோல்வாழ் என்று எழுதும்போது தட்டச்சில் ஒரு கவனம் வேண்டும். ‘ல்’ நழுவி ‘ள்’ ஆனால் தோள்வாழ் ஆகிவிடும். குடியிருக்கும் இடம் தோல், அகப்பட்ட இடம் தோள்.

தோலில் இருப்பது மூட்டுக்குள் எப்படிப் போனது? கத்தி தோலைக் கீறும்போது மயிர்க்கால்களும் நெய்ச்சுரப்பிகளும் வெட்டுப்படுகின்றன. உள்ளே இருந்தவை காயத்தின் ஓரத்துக்கு வந்து, கையுறையிலும் கருவியிலும் ஒட்டி உள்ளே இறங்கலாம். சத்திரசிகிச்சைக்கு முன் பூசும் கிருமிநீக்கித் திரவம் தோலின் மேற்பரப்பை நன்றாகவே துடைக்கும். ஆனால் கவ்வாத்து வெட்டிய தேயிலையில் தூர் நிற்பதுபோல அடியில் இருப்பவை நின்றுவிடும். அதனால்தான் பருவுக்குப் பூசும் பென்சோயில் பெரொக்சைட்டை, சத்திரசிகிச்சைக்கு முந்திய நாட்களில் தோளில் பூசச் சொல்கிறார்கள் சில சத்திரசிகிச்சை நிபுணர்கள். மயிர்க்காலுக்குள் அது கொஞ்சம் நன்றாக இறங்கும். சாயத்துணியை வெளுத்துவிடும் மருந்து அது. பழைய வெள்ளைச் சட்டையாகப் போட்டுக்கொள்வது நல்லது.

இதோடு விஷயம் முடிந்திருந்தால் எளிது. முன்பு ஒரு தடவைகூட கத்தி படாத தோளிலும், முதல் சத்திரசிகிச்சையில் எடுத்த இழையத்திலேயே சிலருக்கு இது வளர்கிறது. நோயாளியின் உடம்பைத் தொடாத ஒப்பீட்டு மாதிரியிலும் வளர்ந்ததுண்டு. ஆகவே ‘வளர்ந்தது’ என்ற ஒரு வினையை வைத்துக்கொண்டு ‘தொற்று’ என்று மொழிபெயர்த்துவிட முடியாது. பெரும் குழப்பம் நடப்பது இந்த இடத்தில்தான்.

தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்ளுதல். ஹட்டன் பஸ்ஸின் மிதிபலகையில் தொற்றிக்கொண்டு போகிறவனுக்கும் அதே வினைதான். பிறகு தொற்றுநோய் என்ற வழக்கு வந்து, ஆளிலிருந்து ஆளுக்குத் தாவுவது என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏறிக்கொண்டது. மருத்துவத்தில் தொற்று என்பது பற்றீரியா உடலில் பெருகித் தீங்கு செய்வது மட்டும்தான். தாவ வேண்டும் என்பதில்லை. மாதிரி எடுக்கும்போது தோலிலிருந்தோ கருவியிலிருந்தோ ஒட்டி வந்திருந்தால் அது மாசு. தீங்கு செய்யாமல் இருந்துகொண்டிருந்தால் குடியிருப்பு. மூன்றுக்கும் மூன்று சொல் வேண்டும். வீட்டாரிடம் சொல்லும்போது மூன்றையும் கிருமி என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிடுகிறோம்.

எது எது என்று பிரிப்பது ஆய்வுகூடத்தின் வேலை. ஒரே இடத்தில் எடுக்காமல், குறைந்தது 5 மாதிரியாவது வெவ்வேறு இடங்களிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி வைத்து எடுப்பார்கள். ஒன்றில் மட்டும் வளர்ந்தால் மாசாக இருக்க இடமுண்டு. இரண்டு மூன்றில் அதே பற்றீரியா வளர்ந்தால் தொற்று என்ற சந்தேகம் வலுக்கும். 2018இல் பிலடெல்பியாவில் கூடிய சர்வதேச நிபுணர் மாநாடு, செயற்கை மூட்டுப் பொருத்திய தோளில் தொற்று உறுதியா, பெரும்பாலும் இருக்குமா, இருக்கக்கூடுமா என்று படிகளாகப் பிரித்தது. ஆம், இல்லை என்ற இரண்டே விடைக்குள் இது அடங்காது.

கல்ச்சர் என்பதற்கு இங்கே வளர்ப்பு என்பது சரியான சொல். இந்தப் பற்றீரியாவை வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். பல கிருமிகள் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். இதற்குக் காற்றில்லாத சூழலில் 14 நாள்வரை வைத்திருந்து பார்ப்பார்கள். ஐந்தாம் நாளில் ‘வளர்ச்சி இல்லை’ என்று மூடிவிட்டால் தவறிப்போகலாம். ஆளை வீட்டுக்கு அனுப்பிய பிறகு றிப்போட் வருவது அதனால்தான். தேடி வாங்கிக்கொள்ள வேண்டும்.

உண்மையான தொற்றாக இருந்தாலும் காய்ச்சல், சீழ், சிவப்பு என்று ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையும் சுத்தமாக வரலாம். பொருத்திய மூட்டில் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில் கழித்து நோவு, இறுக்கம், ஆட்டம் என்று வரும். கொழுந்தைப் பறித்து முதுகுக் கூடைக்குள் தோளுக்கு மேலால் எறிந்தே பழகிய கைக்கு நோவு புதிதல்ல. ‘வேலை நோவு’ என்று சித்தாலேபை தடவிவிட்டு இருந்துவிடக்கூடும். மூட்டுப் பொருத்தியவர் அப்படி இருந்துவிடாமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

மருந்தில் ஒரு விசித்திரம். காற்றின்றி வாழும் பற்றீரியா என்றதும், அவற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெற்றோனிடசோல் நினைவுக்கு வரும். இது அதற்கு மசியாது, இயல்பிலேயே எதிர்ப்புடையது. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் செயற்கை மூட்டின் உலோகத்தில் படலம் கட்டிக்கொண்டால் மருந்து மட்டும் போதாமல் போகலாம்.

இதைப் பற்றித் தமிழில் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இலங்கையில் இழையம், பற்றீரியா, சத்திரசிகிச்சை என்று எழுதுவதைத் தமிழ்நாட்டில் திசு, பாக்டீரியா, அறுவைச் சிகிச்சை என்று எழுதுவார்கள். இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள்.