"நான் ஆரெண்டு தெரியுதோ?"

கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையை ஒட்டிய தொடர்மாடி வீடொன்றில், எண்பது வயதைத் தாண்டிய ஐயா ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். கனடாவிலிருந்து வந்திருந்த பெறாமகள் அவர் முன் குனிந்து, "பெரியப்பா, நான் ஆரெண்டு தெரியுதோ? சொல்லுங்கோ பாப்பம்" என்றார். ஐயா சிரித்தார், மகனைப் பார்த்தார், பிறகு சாரத்தின் விளிம்பைத் திருகத் தொடங்கினார். அன்று இரவு வரை அவர் யாருடனும் கதைக்கவில்லையாம்.

மறதிநோய் உள்ளவர்களின் வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அன்பினால் கேட்கப்படுவதுதான், ஆனால் அவர்களுக்கு அது பரீட்சை. மறதிநோயின் பரவலான வகையான அல்சைமர் நோயில், மூளையில் புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுவதால் பெயர்களும் நேற்றைய சம்பவங்களும் நழுவிவிடுகின்றன. அவமானப்பட்ட உணர்வோ, அதன் காரணம் மறந்த பின்னும் தங்கிவிடக்கூடும். "பெரியப்பா, நான் உங்கட தம்பியின்ர மூத்தவள்" என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அவர் தடுமாற வேண்டியதில்லை.

அதே ஐயா, பொழுது சாயும் நேரத்தில் ரயில் சத்தம் கேட்டால், "வீட்டை போகவேணும்" என்று எழுந்துவிடுவார். "யாழ்ப்பாணத்து வீடு 1995 இலேயே உடைஞ்சு போச்செல்லோ அப்பா" என்று மகன் பொறுமையாகத்தான் விளக்குவார். ஆனால் தகப்பனுக்கு அது ஒவ்வொரு மாலையும் புதிதாக வந்து சேரும் இழவுச் செய்தி. திருத்துவதை விட்டு, "அந்தக் கிணத்தடியைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்கச் சொன்னேன். இது ஏமாற்று அல்லவா என்று மகன் தயங்கினார். போகலாம் என்று வாக்குக் கொடுத்தால்தான் ஏமாற்று. இங்கே அவருடைய ஏக்கத்துக்கு அல்லவா பதில் சொல்கிறோம்.

கதைக்கும்போது தொலைக்காட்சியை நிறுத்தி, முகத்துக்கு நேரே அமர்ந்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். ஓரிரு நாளுக்குள் குழப்பம் திடீரெனக் கூடினால் அதை மறதிநோயின் கணக்கில் எழுதிவிடாமல் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றும் காரணமாக இருக்கலாம்.

கொழும்பில் இன்னொன்றையும் கவனிக்கிறேன். அலுவலகத்தில் நாற்பது வருடம் ஆங்கிலமும் சிங்களமும் கதைத்தவர்கள் பலர், நோய் முற்ற முற்றத் தமிழுக்கே திரும்பிவிடுகிறார்கள். பராமரிக்க வரும் பெண்ணுக்குத் தமிழ் தெரியாவிட்டால், "தண்ணி", "பசிக்குதோ", "நோகுதோ" என்ற மூன்றையுமாவது முதல் நாளிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.