பொட்டாசியம் யாருக்கு ஏறுகிறது?

சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறுவது அபூர்வம். சாப்பாட்டில் கூடுதலாகச் சேர்வது சிறுநீரோடு போய்விடும். பொதுமக்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் இது இருக்கலாம் என்பார்கள். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம் நிலைமை வேறு; சில கணக்குகளில் பத்துக்கு நான்கைந்து பேர் வரை போகிறது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் 'ஈ.ஜி.எஃப்.ஆர்' எண் 30-க்குக் கீழே இறங்கியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், நெடுநாள் சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள் ஆகியோருக்குத்தான் இது அதிகம் வருகிறது. டயாலிசிஸில் இருப்பவருக்கு, வாரத்தில் இரண்டு நாள் இடைவெளி விழுகிறதே, அதன் கடைசிப் பொழுதுதான் ஆபத்தானது.

வழக்கமான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். 6.5-ஐத் தாண்டினால், நோயாளி நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாலும் அவசர சிகிச்சை வேண்டும். பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. கால் சோர்வு, படபடப்பு வருவதற்கு முன்பே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அதனால் உடனே ஈ.சி.ஜி. எடுக்கிறோம். ஆனால் ஈ.சி.ஜி. சரியாக இருப்பதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிட முடியாது.

பொட்டாசியம் உள்ள பழத்தின் மீது பழி போடுவதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் எல்லாமே இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் நல்ல மருந்துகள். பொட்டாசியத்தை ஏற்றவும் கூடியவை. இவற்றோடு வலிக்கென்று ஐபுப்ரோஃபென், டைக்ளோபினாக் சேர்ந்தாலோ, தொற்றுக்கு ட்ரைமெத்தோப்ரிம் சேர்ந்தாலோ சில நாட்களிலேயே அளவு எகிறிவிடும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. அதை மருந்துச் சீட்டில் யாரும் எழுதுவதில்லை, கேட்டால்தான் தெரியவரும்.

கடுமையான இதயச் செயலிழப்பில் ஸ்பைரோனோலாக்டோன் உயிர் காக்கிறது என்று 1999-இல் ஓர் ஆய்வு காட்டியது. கனடாவின் ஒன்டாரியோவில் அந்த மருந்தை எழுதுவது வேகமாகக் கூடியது. அங்கே எனலாப்ரில், ராமிப்ரில் வகை மருந்து எடுத்துவந்த வயதான இதயச் செயலிழப்பு நோயாளிகளில், பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001-இல் 11 பேர். ஆய்வில் இருந்தவர்கள் சிறுநீரக நிலை பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அடிக்கடி இரத்தம் பரிசோதிக்கப்பட்டவர்கள். வெளியே அந்தக் கண்காணிப்பு இல்லை. ஆகவே இத்தகைய மருந்தைத் தொடங்கினாலோ, அளவைக் கூட்டினாலோ ஒன்று இரண்டு வாரத்துக்குள் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்தாக வேண்டும். வாந்தி, பேதியால் உடலில் நீர் வற்றினால் அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். நாமாக மாத்திரையை நிறுத்திவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று, பொய்யான உயர்வு. பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போது கையை இறுக மூடி மூடித் திறந்தாலோ, கையில் போடும் கட்டு நெடுநேரம் இறுகியிருந்தாலோ, குழாயில் இரத்த அணுக்கள் உடைந்தாலோ செல்லுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே கசிந்து எண்ணைக் கூட்டிக் காட்டும். உடம்பில் இருப்பதில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்குள்தானே இருக்கிறது. எதிர்பாராத உயர்வு வந்தால் அன்றைக்கே மறுபடி எடுத்துப் பார்ப்பது வழக்கம். சிறுநீரக நோயாளிக்கு அந்த மறு முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும்.