வீக்கம் வடிந்துவிட்டது, முட்டி சரியாகவில்லை

பொங்கல் கபடியில் அடிபட்ட ஒரு தம்பி என்னிடம் வந்தது புரட்டாசியில். முழங்கால் பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டது, நீட்டவே முடியவில்லை என்று அவருடைய அப்பா பைக்கில் உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தார். "நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்தான் சார், போலீஸ் செலக்‌ஷனுக்கு" என்றார்.

எட்டு மாதக் கதையையும் கேட்டேன். பாடப் போனவர் கோட்டுக்குத் திரும்பும் நேரத்தில் பாதம் தரையில் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பியிருக்கிறது. முட்டியில் யாரும் இடிக்கவில்லை. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். ராத்திரி சாப்பாட்டுக்குள் முட்டி பந்துபோல வீங்கிவிட்டது. மறுநாள் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் எண்ணெய் போட்டு நீவல், துணிக்கட்டு. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, வலி போனது, நடந்தார். எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள்.

அந்த நிம்மதிதான் எனக்குப் பயம். என்னிடம் தாமதமாக வரும் முட்டிகளில் பெரும்பாலானவை அடிபட்ட அன்று கெட்டவை அல்ல. வீக்கம் வடிந்த பிறகு, சரியாகிவிட்டது என்று நம்பிய மாதங்களில் கெட்டவை.

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடிக்க இரண்டு தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. முன்னால் இருப்பதை ஏ.சி.எல். என்கிறோம். மூன்று செ.மீ.க்குச் சற்று அதிகமான நீளம், ஏறக்குறைய சுண்டுவிரல் தடிமன், அவ்வளவுதான். கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் வழுக்காமலும், உடம்பு திரும்பும்போது முட்டி முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது இந்தச் சின்னக் கயிறு. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், கயிறு தெரியாது. "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லை" என்றால் எலும்பில் ஒன்றும் இல்லை என்று மட்டுமே பொருள்.

இங்கே ஒரு சொல் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் எல்லாமே 'ஜவ்வு'தான். பாட்டிக்கு ஜவ்வு தேய்ந்தது, பேரனுக்கு ஜவ்வு கிழிந்தது. பாட்டிக்குத் தேய்ந்தது எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு. பேரனுக்கு அறுந்தது எலும்புகளைக் கட்டியிருக்கும் தசைநார். இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் மெனிஸ்கஸ் என்று பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள் உண்டு, அதையும் ஜவ்வு என்றுதான் சொல்கிறோம். டாக்டர் ஜவ்வு என்று சொன்னால், எந்த ஜவ்வு என்று கேளுங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

கால் திரும்பியபோது சத்தம் கேட்டதா? இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வீங்கியதா? எக்ஸ்ரேயில் முறிவு இல்லையா? இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகிப்பது ஏ.சி.எல்.லைத்தான். இவ்வளவு சீக்கிரம் வீங்குவது பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிவதால். அந்த நேரத்தில் சூடு வைப்பதும் எண்ணெய் போட்டு நீவுவதும் கசிவைக் கூட்டும். துணியில் சுற்றிய ஐஸ் 15, 20 நிமிடம், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது, ஊன்றாமல் இருப்பது. முதல் இரண்டு நாளுக்கு இவை போதும்.

சந்தேகத்தைத் தீர்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். முட்டியை 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுத்துப் பார்ப்பேன். லாக்மேன் பரிசோதனை என்று பெயர். நல்ல முட்டியில் எலும்பு கொஞ்சம் வந்ததுமே 'டக்'கென்று நிற்கும். அறுந்த முட்டியில் அந்த நிறுத்தம் கைக்குக் கிடைக்காது, மெத்தென்று வந்துகொண்டே இருக்கும். வீக்கமும் வலியும் இருக்கும்போது தசைகள் இறுகி இதை மறைத்துவிடும். அதனால் பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொல்லிப் பார்ப்பேன். எம்.ஆர்.ஐ. இதை உறுதி செய்யவும், மெத்தைகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கவும்.

அந்தத் தம்பி எப்படி எட்டு மாதம் ஓடினார்? நேராக ஓட இந்தக் கயிறு அவ்வளவாகத் தேவையில்லை. 1500 மீட்டர் ஓட்டத்தில் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நீளம் தாண்டி இறங்கும்போதுதான் முட்டி விலகியிருக்கிறது. படியில் சட்டென்று திரும்பும்போது ஒருமுறை, வரப்பில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் வீங்கி வடிந்திருக்கிறது. ஒவ்வொரு விலகலிலும் எலும்புகள் மெத்தையைக் கடித்திருக்கின்றன. கடைசியில் அது நீளவாக்கில் கிழிந்து, வாளிக் கைப்பிடிபோலப் புரண்டு மூட்டுக்குள் மாட்டிக்கொண்டது. பூட்டிக்கொண்டது அதனால்தான். சின்னத் துளை வழியாக மூட்டுக்குள் நுழைக்கும் ஆர்த்ராஸ்கோப்பி கேமராவில் பார்த்தபோது ஓரங்கள் நைந்த துணிபோல இருந்தன. தைக்க வழியில்லாமல் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. 22 வயதில் இழந்த மெத்தை திரும்ப வளராது. அந்த முட்டிக்குத் தேய்மானம் மற்றவர்களைவிட முன்கூட்டியே வர வாய்ப்பு அதிகம். முதல் மாதமே வந்திருந்தால் அந்த மெத்தையை முழுசாகக் காப்பாற்றியிருக்கலாம் என்பது என் கணிப்பு.

அதற்காக, அறுந்த ஏ.சி.எல். எல்லாவற்றுக்கும் ஆபரேஷன் என்று நான் சொல்லவில்லை. சுவீடனில் 121 இளைஞர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு உடனே அறுவை சிகிச்சை. மறு பிரிவுக்கு முதலில் முறையான பிசியோதெரபி, முட்டி தொடர்ந்து விலகினால் மட்டும் அறுவை. இரண்டு வருடம் கழித்து இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. ஐந்து வருடம் கழித்தும் இரண்டாம் பிரிவில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏ.சி.எல். அறுவைக்குப் போகவே இல்லை. ஆனால் அவர்கள் சும்மா இருந்தவர்கள் இல்லை, மாதக்கணக்கில் பயிற்சி செய்தவர்கள். உட்கார்ந்து வேலை செய்பவர், விளையாட்டுக்குத் திரும்பும் எண்ணமில்லாதவர், முட்டி விலகாதவர் என்றால் நான் பயிற்சியில்தான் தொடங்குவேன். கபடி, கால்பந்து, ஏணி ஏறும் வேலை, அடிக்கடி விலகும் முட்டி என்றால் புதுத் தசைநார் வைப்பதே நல்லது. அதையும் அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. வீக்கம் வடிந்து முட்டி முழுசாக மடங்கி நீண்ட பிறகு செய்தால்தான் பின்னால் விறைத்துப் போகாது.

பொறுக்கவே கூடாத ஒன்று உண்டு. பைக் விபத்தில் முட்டி மொத்தமாகப் பிசகி, இரண்டு மூன்று தசைநார்கள் சேர்ந்து அறுவது. சில சமயம் ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே மூட்டு தானாக இடத்தில் உட்கார்ந்துவிடும், பார்க்கச் சாதாரண வீக்கமாகத் தெரியும். முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் அடிபட்டிருந்தால் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும், தவறினால் காலையே இழக்க நேரலாம். பாதம் சில்லிட்டாலோ வெளிறினாலோ, பாதத்தை மேலே தூக்க வராவிட்டாலோ, ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நடக்கும் பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30 கார் விபத்தில் வலது முட்டி பிசகி, தசைநார்கள் அறுந்தவர். திரும்ப ஆட வந்தது 2024 மார்ச்சில். நாட்டின் சிறந்த மருத்துவமும் முழுநேரப் பயிற்சியாளர்களும் கிடைத்த அவருக்கே ஏறக்குறைய 15 மாதம்.

சரி, தம்பியின் ஆபரேஷனுக்கு வருகிறேன். தொடையின் பின்பக்கத் தசைநாண் ஒன்றை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிற்றை, எடுத்து மடித்து, அறுந்த ஏ.சி.எல்.லின் இடத்தில் எலும்பில் துளையிட்டுப் பொருத்தினோம். மூன்றாம் நாள் பார்க்கப் போனால், முட்டிக்கு அடியில் இரண்டு தலையணை. அவர் அம்மா வைத்தது, பிள்ளைக்கு வலிக்கக் கூடாதே என்று. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. மடங்கிய நிலையில் முட்டி சுகமாக இருக்கும், ஆனால் அப்படியே விட்டால் முழுசாக நீட்ட வராது, பிறகு நொண்டிதான் நடக்க வேண்டிவரும். தலையணையை எடுத்துவிட்டு, துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். முட்டி அந்தரத்தில் தொங்கி மெல்ல நீளும். "இப்படித்தாம்மா இருக்கணும்" என்றேன். மறுநாளிலிருந்து துண்டைச் சரியாக வைத்தது அவர்தான்.

இரண்டாவது நிம்மதி மூன்றாம் மாதத்தில் வருகிறது. தம்பிக்கு அது சரியாகப் பொங்கலில் வந்தது. வலியில்லை, வீக்கமில்லை, சைக்கிள் மிதிக்கிறார். "ஒரே ஒரு மேட்ச் சார்" என்று வந்து நின்றார். அவர் அப்பா விவசாயி, அதனால் அவரையும் உட்கார வைத்து நாற்றை வைத்துச் சொன்னேன். பிடுங்கி நட்ட நாற்று முதலில் வெளுக்கும், அப்புறம்தான் பச்சை பிடிக்கும். நாம் வைத்த தசைநாணும் அப்படித்தான். எடுத்து வைத்ததும் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது, பழைய செல்கள் மடிந்து புதியவை குடியேற வேண்டும். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை அது வைத்த அன்றைவிடப் பலவீனமாக இருக்கும். முட்டி நன்றாக இருக்கிறது என்று ஆளுக்குத் தோன்றுவதும் அதே நேரத்தில்தான். அப்பாவுக்கு உடனே புரிந்தது. மகன் அந்தப் பொங்கலுக்குக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பாயிண்ட் எழுதினார்.

ஒன்பது மாதத்துக்கு முன்பு யாரையும் நான் களத்துக்கு அனுப்புவதில்லை. 2016இல் வந்த ஒரு நார்வே, அமெரிக்கக் கூட்டு ஆய்வில், ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் பாதியாகக் குறைந்திருந்தது. மாதம் மட்டும் போதாது, பலமும் வர வேண்டும். அடிபட்ட காலின் தொடைத் தசை நல்ல காலில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கே கேளுங்கள்.

ஜூலையில் தம்பியை ஒற்றைக்காலில் தாண்டச் சொல்லி அளந்தோம். நல்ல காலில் 140 செ.மீ., ஆபரேஷன் காலில் 118. 140இல் 90 சதவீதம் என்றால் 126. "126 வந்ததும் பேசலாம்" என்றேன். முகம் வாடியது. பிசியோதெரபி அறைத் தரையில் 126இல் சாக்பீஸால் அவரே ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். ஆறு வாரம் கழித்து அதைத் தாண்டி இறங்கியபோது, முட்டி உள்பக்கம் சாயவில்லை.