சகாயம்: ‘மரண சகாய நிதி’யின் நடுச்சொல்

மலேசியாவில், பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பல தமிழர் சங்கங்கள், ஆலயங்களின் ரசீதுப் புத்தகங்களில் ‘மரண சகாய நிதி’ என்ற தொடர் இருக்கும். உறுப்பினர் இறந்தால் அவர் குடும்பத்துக்குக் கொடுக்கத் திரட்டும் பணம் அது. மலாய் மொழியில் அதைக் கைராட் கெமாத்தியான் என்பார்கள். தமிழ்த்தொடரின் மூன்று சொல்லும் வடமொழி. தனித்தமிழில் எழுத நினைத்தால், மரணத்தை இறப்பு என்று மாற்றுவது எளிது. நிதி தமிழில் ஊன்றிவிட்டது, பிடுங்க வேண்டியதில்லை. சிக்கல் சகாயத்தில்தான்.

வடமொழியில் ‘சஹாய’ என்பது முதலில் ஆளைக் குறித்தது. சஹ என்றால் கூட, அய என்றால் செல்லுதல். கூடச் செல்பவன் சஹாயன். தோழனைக் குறிக்கும் சகா என்ற சொல்லோடு இதை உறவுபடுத்துவாரும் உண்டு. தமிழில் சகாயன் என்று ஆளுக்கும் சகாயம் என்று அவன் செய்யும் உதவிக்கும் பெயராயிற்று. ஆள் வழக்கிழந்தான், உதவி நின்றது. விற்பவர் வாங்குபவருக்காக விட்டுக்கொடுப்பது சகாய விலை. கத்தோலிக்கர்களின் சதா சகாய மாதாவிலும் இதே சொல்தான்.

நிதியின் நடைமுறையைப் பார்த்தால் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருப்பது தெரியும். பணம் திரட்ட இரண்டு வழி. ஒன்று, ஆண்டுச் சந்தா வாங்கிச் சேர்த்து வைப்பது. மற்றது, ஒரு சாவுக்கு ஒரு வசூல்: 200 உறுப்பினர் தலைக்குப் 10 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் 2,000 வெள்ளி. இரண்டாவதில் சேமிப்பு தங்காது. ஒரே மாதத்தில் மூன்று சாவு விழுந்தால் 30 வெள்ளி கேட்க வேண்டும், அப்போதுதான் பாக்கி ஏறும். இளையோர் சேராத சங்கத்தில் சாவு கூடிக்கொண்டே போக, கொடுப்பவர் குறைவார்கள். அதனால் புதிதாகச் சேர்பவருக்குச் சில மாதக் காத்திருப்பும் சேரும் வயதுக்கு வரம்பும் வைப்பது வழக்கம்; இல்லையென்றால் நோய் முற்றிய பிறகுதான் விண்ணப்பம் வரும்.

தகராறு பெரும்பாலும் வாரிசுப் பெயரில் வெடிக்கும். மணமாகும் முன் அம்மாவின் பெயரை எழுதிக்கொடுத்தவர், பிறகு மனைவியின் பெயருக்கு மாற்றாமலே போய்விடுவார். ஆண்டுதோறும் சந்தா வாங்கும்போதே வாரிசின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் படித்துக்காட்டிக் கையொப்பம் வாங்கினால் பாதிச் சண்டை ஓயும். இன்னொன்று, இறப்புப் பத்திரத்தின் நகல் வந்தால்தான் பணம் என்று சில சங்கங்களின் சட்டவிதிகள் சொல்லும். பெட்டிக்கும் வண்டிக்கும் மின்சுடலைக்கும் அன்றைக்கே காசு வேண்டும். ஒரு பகுதியை முன்பணமாகக் கையில் கொடுத்து, மீதியைப் பத்திரம் வந்தபின் காசோலையாகக் கொடுப்பதே முறை.

பணத்தோடு முடிவதும் இல்லை. கூடாரம் போட, நாற்காலி இறக்க, பினாங்கின் பத்து லஞ்சாங் சுடலைக்கோ கோலாலம்பூரின் செராஸ் சுடலைக்கோ பின்னால் வண்டியில் வர ஆள் வேண்டும். உறவுகள் வெளியூரில் இருக்கும் வீட்டில் இந்த ஆட்களே பெரிது. கூடச் செல்பவன் என்ற மூலப்பொருள் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே ‘உதவி’ பொருந்தும், ஆனால் முழுமையாகப் பொருந்தாது. அது கொடுத்ததைச் சொல்லும், வந்தவரைச் சொல்லாது. ‘துணை’ இரண்டையும் சொல்லும். துணைவன் என்ற சொல்லுக்குத் தோழன், உடன்பிறந்தவன், கணவன் என்றெல்லாம் அகராதிகள் பொருள் தருகின்றன. சங்கத்தில் ஒருவரையொருவர் அண்ணன் தம்பி என்று அழைக்கும் உறவும் அதற்குள் அடங்கும். ஆனால் சங்க வழக்கில் துணைக்கு வேறொரு வேலையும் உண்டு: துணைத் தலைவர், துணைச் செயலாளர். ‘இறப்புத் துணை நிதி’ என்று எழுதினால் ஏதோ கிளைநிதி என்று படிப்பார்கள். ‘ஈமத்துணை நிதி’ என்று சேர்த்தெழுதினால் அந்தக் குழப்பம் வராது. ஈமம் என்பது சுடலையைக் குறித்தாலும், ஈமச்சடங்கு என்ற வழக்கால் அடக்கம் செய்வோருக்கும் அந்நியமாக இராது. அறிவிப்புப் பலகைக்கு ‘இறப்பு உதவி நிதி’ போதும்.

பெயரை மாற்ற விரும்பும் சங்கச் செயலவை (நிர்வாகக் குழு) ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிதியின் பெயர் சங்கத்தின் சட்டவிதியில் இருந்தால் ரசீதில் மட்டும் மாற்றுவது செல்லாது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, விதித் திருத்தத்துக்குச் சங்கப் பதிவிலாகாவின் ஒப்புதல் வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள். ஒப்புதல் வரும்வரை ரசீதில் பழைய பெயரே இருக்கட்டும். கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையையும் அனுப்பியாக வேண்டும், அதைப் பெயர் மாற்றத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.